அடிமனமும் அஞ்சவத்தையும்

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளிக் குன்றமும், அதற்கு வடபால் காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவின்கண் திருவரங்கமும் திருவானைக்காவும் விளங்குகின்றன. இவ்விடங்களோடு தொடர்புடைய இரண்டு சொற்கள் இக்காலத்து மனநூல் பேசுவார் சிலர் வாயில் அடிக்கடி வழங்குகின்றன. ஒன்று, திருவரங்கத்துப் பள்ளிகொண்ட பெருமாளுக்கு உரித்தாகச் சொல்லப்படும் அறிதுயில். மற்றொன்று, திருச்சிராப்பள்ளியில் மௌனகுருவின்பால் தாயுமான அடிகள் பெற்ற சும்மாவிருத்தல் என்னும் உபதேசம். அவர் கூறுமாறு: விடை தோன்றாத வினாவொன்றை ஒருவன் கைவிட்டு ஓய்ந்திருப்பின், அவன் அறியாமலே அவனது அடிமனம் அதனை ஆராய்ந்து முடித்து, துயிலெழும்பொழுதோ உலாவும்பொழுதோ விடையை மேலே எழுப்பித் தரும்; இதனையே முன்னோர் அறிதுயில் என்றும் சும்மாவிருத்தல் என்றும் வழங்கினர்; ஆகலின் மேலைநாட்டார் புதிதாகக் கண்டது தமிழர்க்குப் பழையதே என்பது.

இக்கூற்றுக் கேட்டற்கு இனியது. ஆயினும் இனிமை ஒன்றே பற்றி ஒரு கூற்றைக் கொள்ளுதல் நூன்முறை ஆகாது. அன்றியும், இதனை அவ்வாறே கொண்டால் சித்தாந்தத்தின் அடிப்படையிலேயே ஓர் இடர் விளைகின்றது. உயிருண்மை கூறும் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில், உயிர் பிராணவாயுவின் வேறு என்பதற்கு மெய்கண்டார் காட்டிய ஏது யாது? துயிலுங்கால் பிராணன் இயங்காநிற்கவும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லை என்பதே அவ்வேது. துயிலின்கண் ஒரு மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்குமாயின், அங்கே தொழில் உண்டு என்றாகும்; தொழில் உண்டாகவே ஏது பழுதுபடும். ஆகவே அடிமனக் கொள்கையைச் சித்தாந்தத்தோடு ஒட்டவைப்பார், தாம் தாங்கவந்த கட்டடத்தின் தூணொன்றையே அசைக்கின்றனர். இதனை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி, அக்கொள்கையினர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளைப் பொய்யென்று தள்ளிவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. அவற்றுட் பல மெய்ந்நிகழ்ச்சிகளே. பிரெஞ்சு நாட்டுக் கணிதப் பேராசிரியர் புவான்காரே, பலநாள் முயன்றும் முடிவு காணாத ஓர் ஆராய்ச்சியை மறந்து, நிலநூல் ஆராய்வாரோடு வழிச்செலவு போந்தார். கூத்தான்சு என்னும் ஊரில் வண்டிப் படியில் காலெடுத்துவைத்த அப்பொழுதே முடிவு அவர்க்குத் தோன்றியது. இதனை 1908ல் அவரே எழுதி வெளியிட்டார். இத்தகைய செய்திகளைத் திரட்டி, 1926ல் ஆங்கில நாட்டு வாலசு என்பார் ஆயத்தம், அடைகாத்தல், ஒளிதோன்றல், சரிபார்த்தல் என நான்கு படி வகுத்தார். செருமானிய நாட்டு லூபெக் நகரத்து ஆய்வாளர் 2004ல் வெளியிட்ட ஒரு சோதனை இன்னும் கருதத்தக்கது. எண்களைக்கொண்ட ஒரு கணக்கைச் சிலர்க்குக் கொடுத்தனர். அதனுள் ஒரு குறுக்குவழி மறைந்து கிடந்தது. இடையில் 8 மணிநேரம் உறங்கியெழுந்தோருள் நூற்றுக்கு 59 பேர் அக் குறுக்குவழியைக் கண்டனர். உறங்காதிருந்தோருள் நூற்றுக்கு 23 பேரே கண்டனர். உறக்கம் ஏதோ ஓர் உதவி செய்தது என்பதை இதன்பின் மறுத்தல் அரிது.

தமிழ்நாட்டிலேயே இதனினும் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. கணிதமேதை இராமாநுசன் (1887–1920) குடும்பத்தார், சில காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரை வழிபடுவோர். 1927ல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியின் முகப்பில் சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிய வரலாற்றுக் குறிப்பு, கணித வாய்பாடுகளை அத்தாயாரே கனவில் உணர்த்தியதாக இராமாநுசன் கூறிவந்தார் என்று தெரிவிக்கின்றது. மேற்கோள் காட்டுவார் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். குறிப்பு இவ்வளவில் நிற்கவில்லை. படுக்கையினின்று எழுந்தவுடன் அவர் அவற்றைக் குறித்துக்கொண்டு, விரைந்து சரிபார்ப்பார் என்பதும், எல்லாவற்றிற்கும் முறையான நிறுவல் தர அவரால் இயலவில்லை என்பதும் அவ்விடத்தேயே சொல்லப்பட்டுள்ளன. விட்டுவிடப்பட்ட அப்பகுதியே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை.

அஃது எங்ஙனம் எனின், நான்காஞ் சூத்திரத்தை நோக்குக. ஆங்கு உயிர், அந்தக்கரணங்களாகிய மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கினுள் ஒன்றும் அன்று எனவும், மலத்தால் மறைப்புண்டமையின் அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடியே ஐந்தவத்தைப்படும் எனவும் நிறுவப்பட்டது. அருணந்தி சிவனார் இவ்வுவமையை விரித்து, உலாப் போந்த அரசன் மீளுங்கால் படைகளை வாயில்தோறும் நிறுத்திவிட்டு, காவலும் வைத்து, அந்தப்புரத்துட் டனியே புகுதல்போல உயிர் கருவிகளை விட்டு உள்ளே செல்லும் என்றும், பிராணனே அங்குக் காவல் என்றும் விளக்கினார். கருவிகளின் தொகையும் வரையறுக்கப்பட்டுள்ளது. இலலாடத்தில் நிகழும் சாக்கிரத்தில் 35. கண்டத்தில் நிகழும் சொப்பனத்தில், அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் கழிய, 25. இதயத்தில் நிகழும் சுழுத்தியில் பிராணன், சித்தம், புருடன் என 3. உந்தியில் துரியத்தில் 2. மூலாதாரத்தில் துரியாதீதத்தில் புருடன் ஒன்றே.

இத்தொகையைக் கண்ட ஒருவர், 'சுழுத்தியிற் சித்தம் எஞ்சி நிற்கின்றது. சித்தத்தின் தொழிலோ சிந்தித்தல். ஆகவே ஆழ்ந்த உறக்கத்திலும் சிந்தனை நிகழும் என்று சித்தாந்தமே ஒப்புகின்றது. அதுவே அடிமனம்' என்று துள்ளியெழக்கூடும். அடிமனக் கொள்கையினர்க்கு நூலினுட் கிடைக்கும் வலுவான இடம் இதுவே. வேறு இடங்களைக் காட்டுவோர் இதனைக் காட்டாது விட்டது வியப்பே. ஆயினும் இதுவும் அவர்க்கு உதவாது. சித்தம் என்பது அவ்வியத்தம் என்றும், அது சிந்தனையும் செய்யும் என்றும் சித்தியார் கூறும். அவ்வியத்தமாவது குணங்கள் தம்முள் ஏற்றத்தாழ்வின்றி நிற்கும் முதல். புத்தியும் அகங்காரமும் மனமும் அதனின்று முறையே தோன்றின. உறக்கத்தில் அவை தம் முதலுள் ஒடுங்க, முதலாகிய சித்தம் எஞ்சுதல் இயல்பே. ஒருவன் தன் கையிலுள்ள காசனைத்தையும் பெட்டியிற் போட்டுப் பூட்டியபின் பெட்டி எஞ்சுகின்றது; அதனால் பெட்டி வாணிகஞ் செய்கின்றது என்று கூறலாகாது. பற்றி ஐயுறுதற்கு மனம் இல்லை. 'யான்' என்று எழுதற்கு அகங்காரம் இல்லை. 'இஃது இன்னது' எனத் துணிதற்குப் புத்தி இல்லை. துணிதல் இல்லாவழி விடையும் இல்லை. விடையாவது துணியப்பட்டதேயன்றோ?

அற்றேல், உறங்கியெழுந்தோர் உறங்காதோரினும் மிகக் கண்டது எங்ஙனம் எனின், அதற்கு வீட்டு வழக்கம் ஒன்றே விடை கூறும். இல்லாள் இரவிற் பாலைக் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றிவைத்து உறங்குகின்றாள். விடியலில் தயிர் ஆயிருக்கின்றது. அவள் உறக்கத்திலே தயிர் ஆக்கினாள் என்று யாரும் சொல்லார். அவள் செய்தது முன்னிரவிற் செய்தது. இரவில் நிகழ்ந்தது பாலின் திரிபு. இடையிடையே எழுந்து கலக்கியிருப்பின் பால் தோயாது. உறை ஊற்றாது உறங்கியிருப்பின் விடியலில் இருப்பது திரிந்த பாலே. தயிர் நன்றோ புளித்ததோ என்பது விடிந்தபின் அவள் சுவைத்து அறிவது. அந்தக்கரணங்கள் மாயையின் காரியம், அவை சடம். சடம், அறிவார் ஒருவர் அப்பொழுது அறிந்துகொண்டிராமலே திரிபெய்தும். விழிப்பிற் பதிந்தவை உறக்கத்தில் தம்முள் முறைப்பட்டு இறுகுதல் இத்தகைய திரிபாம். எலிகள் ஓடித்திரிந்தபொழுது சேர்ந்து இயங்கிய மூளை அணுக்கள், பின்னர் அவை உறங்குங்கால் மீண்டும் சேர்ந்து இயங்கியதை 1994ல் வில்சனும் மெக்நாட்டனும் காட்டினர். அதுவும் கருவியின்கண் நிகழும் மாறுபாடே. எலி கணக்குப் போட்டது என்பது அதனாற் பெறப்படாது.

இவ்வாறு கொள்ளவே மூன்றாஞ் சூத்திர ஏது பழுதின்றி நிற்கின்றது. ஆண்டு இல்லை எனப்பட்டவை உயிரின் நுகர்ச்சியும் உயிர் செலுத்தும் தொழிலுமே. கருவி முதிர்தல் நுகர்ச்சியும் அன்று, உயிரின் தொழிலும் அன்று. மேலைநாட்டாருள் ஆர்த்மன் 1869ல் நனவிலிப் பொருள்பற்றிப் பெருநூல் எழுதிய நாள்தொட்டு 'அறியாது அறிதல்' என்னும் முரண் அவர்களை வருத்திவருவதற்குக் காரணம், மனத்தையே அறிவான் என்று கொண்டமை. அறிவானையும் அறிதற் கருவியையும் வேறுபிரித்த நெறியில் அம்முரண் எழுதற்கே இடமில்லை. முதிர்வது கருவி, அறிவது உயிர், முதிர்தல் இரவிலும் ஆகும், அறிதல் விடிந்தபின்னரே ஆகும். 'அடிமனம் விடை காண்கின்றது' என்னும் தொடரில் அரைப்பங்கு மெய் என்பது இதனாற் புலனாம்.

இராமாநுசன் நிகழ்ச்சி சுழுத்தியைச் சார்ந்தது அன்று, அது சொப்பனம். கனவில் நான்கு அந்தக்கரணங்களும் உள, புத்தியும் உண்டு, ஆதலின் துணிபும் நிகழலாம். இல்லாதன பொறிகள். எழுதிப் பார்க்க ஏடும் இல்லை, கையும் இல்லை. ஆகலின் கனவிற் றுணிந்தது நனவிற் சோதிக்கப்படும்வரை துணிபு என்னும் பெயர்க்கு முழுதும் உரித்தாகாது. எழுந்தவுடன் அவர் சரிபார்த்தது இதனாலேயாம். 1913ல் அவர் ஆர்டிக்கு எழுதி விடுத்தவற்றுட் பல வியக்கத்தக்க உண்மைகளாயிருக்க, பகா எண்களின் பரவல்பற்றிய கூற்றுக்கள் தவறாயின என்பதும் மறைக்கற்பாலதன்று. உடனே 'தேவி உணர்த்தியது தவறுமோ' என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். கண்ணாடியிற் கீறல் இருப்பின் உருவம் கோணும். அதனால் ஒளிக்கு இழுக்கில்லை. அருளைக் கருவியோடு ஒன்றாகக் கொள்வோர்க்கே இவ்வையம் எழும். மேலும், எந்தக் கூற்று எந்த இரவில் தோன்றியது என்று பிரித்தறிதற்கு வழியில்லை. பகலெல்லாம் கற்பலகையில் எழுதியெழுதி அழித்த உழைப்பை விலக்கிவிட்டுக் கனவை மட்டும் போற்றுவது அம்மேதைக்குச் செய்யும் சிறப்பும் ஆகாது.

புவான்காரே நிகழ்ச்சியோ சுழுத்தியும் அன்று, சொப்பனமும் அன்று. வண்டிப் படியில் ஏறுவோன் விழித்திருக்கின்றான், பேசுகின்றான். அவன் நனவிடத்தே ஒரு பொருளை மட்டும் மறந்திருந்து, திடுமென நினைந்தான். இதற்குரிய இடம் கீழாலவத்தை அன்று, மத்தியாலவத்தையாம். இலலாடத்தை விட்டு நீங்காமலே, நனவினுள் நனவு, நனவினுட் கனவு, நனவினுள் உறக்கம் என ஐந்தும் மறப்பும் நினைப்புமாய் வந்துவந்து போகும் நிலை அது. மறந்ததொன்றை ஒருவன் சிறிது சிறிதாக நினைந்து பெறும் படிமுறையை இதனைக்கொண்டு விளக்குதல் சித்தாந்த ஆசிரியர் மரபு. ஓய்வில் விடை தோன்றும் நிகழ்ச்சிகளுட் பெரும்பாலன, ஆராயுங்கால், இவ்வகையினவே. அடிமனத்தைச் சுழுத்தியோடு பொருத்தி நூலைத் துணைக்கழைப்பார் வழுவியது இவ்விடத்தில். பக்கத்து அறையில் இருந்த பொருளை நிலவறையிற் சென்று தேடுகின்றனர்.

புவான்காரே தாமே இதற்குச் சான்று. முன்னர் நனவிற் கடிதின் முயலாதவழி இத்தோற்றம் நிகழாது என்றும், நீண்ட கணக்கொன்றின் முடிந்த விடையை அது ஒருகாலும் தந்ததில்லை, தொடங்குதற்கு இடமே தந்தது என்றும், பின்னர் நனவிற் சரிபார்த்தல் இன்றியமையாதது என்றும் அவர் வற்புறுத்தினார். 2009ல் சியோ, ஓர்மராட் என்னும் இருவர் 117 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கி, இடையோய்வு பயன்றருவது உண்மை எனவும், முன்முயற்சி நீண்டவழிப் பயனும் மிக்கது எனவும் கண்டனர். முன்முயற்சியே உறை. இதற்கு மாறாக, 2006ல் நெதர்லாந்து நாட்டார் சிலர், பல கூறுகளையுடைய தெரிவொன்றில் கருதிப் பாராது விட்டுவிடுதலே நன்முடிவு தரும் என்று அறிவித்துப் பெரும்புகழ் பெற்றனர். அந்நாட்டிலேயே 2015ல் முன்னையோரினும் மிகப் பலரைக்கொண்டு மீளச் செய்த சோதனையில் அவ்வாறு காணப்படவில்லை. கருதாமையே கருதுதலினும் சிறந்தது என்னும் வாய்பாடு சோம்பர்க்கு இனியதாகலின் விரைவிற் பரவியது. பரவிய விரைவில் அது மறையவில்லை என்பதுதான் இரங்கத்தக்கது.

ஓய்வு என்றவுடன் உறக்கம் என்று கொள்ளுதலும் ஒரு பிழை. திருச்சிராப்பள்ளியில் 1888ல் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ல் கப்பற் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதன் காரணத்தை வினவினார். அஃது வானத்து நீலத்தின் எதிரொளியே என்பது இராலே பிரபுவின் கருத்து. அதனை ஏலாது, கையிலிருந்த நிக்கல் பட்டகத்தால் மேற்பரப்பின் எதிரொளியை அகற்றி நோக்கி, நீலம் நீரினின்றே எழுதலை இராமன் கண்டார். 1928ல் அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டதற்கு இவ்வழியே முதல். இங்கே ஓய்வு உண்டு. அடிமனம் யாண்டும் இல்லை. வேலை நெருக்கத்தினின்று விடுபட்ட கண் நன்கு விழித்திருந்தது, அவ்வளவே.

இனி, அறிபவன் உயிரே எனினும் அது தானே அறியவல்லதோ எனின், அன்று. கண்ணுக்குக் காட்டித் தானும் உடன்கண்டு நிற்கும் உயிர்போல, உயிர்க்குக் காட்டித் தானும் உடன்கண்டு நிற்பவன் இறைவன் என்று பதினொராஞ் சூத்திரம் உணர்த்தும். இதனைப் பிடித்துக்கொண்டு, திடுமெனத் தோன்றும் விடை மட்டும் திருவருளின் தனிச்செயல் என்பாரும் உளர். அவர் அருளுக்கு உயர்வு செய்வதாக எண்ணி அதனைச் சுருக்குகின்றனர். காட்டும் உபகாரம் எல்லா அறிவிற்கும் பொது. வண்டிப் படியில் வந்த விடைக்கு எத்துணை அருள் வேண்டுமோ, மேசைமுன் அமர்ந்து வரிவரியாகப் பெற்ற விடைக்கும் அத்துணையே வேண்டும். காரணம் விளங்காத இடத்தில் மட்டும் அருளைக் கொணர்ந்து நிறுத்துவோர், காரணம் விளங்கியபின் அதனை வெளியேற்றவேண்டி வரும்.

எஞ்சியவை அவ்விரு சொற்கள். அறிதுயில் என்பது வினைத்தொகை. துயில்வோன் அறிந்துகொண்டே துயில்கின்றான் என்பது பொருள். வைணவ ஆசிரியர் யோகநித்திரை என்று கூறுவதும் இதுவே. திருவரங்கத்தில் தென்றிசை நோக்கிப் பள்ளிகொண்டருளும் கோலத்தைச் சேவிக்கும் அடியார், பெருமாள் எதனையோ அறியாது கிடக்கின்றான் என்றும், அவனது அடிமனம் அவன் அறியாமல் உலகைக் காக்கின்றது என்றும் கருதுவரோ? அச்சொல்லின் சிறப்பெல்லாம் அறியாமை அங்கு இல்லை என்பதில் உள்ளது. அடிமனக் கொள்கையின் உயிரோ அறியாமை அங்கு உண்டு என்பதில் உள்ளது. நேர்மாறான இரண்டை ஒன்றென்றல் எந்தச் சமயத்தார்க்கும் உடன்பாடாகாது. மறைப்புண்ட உயிருக்குத் துயில் உண்டு, அறிதுயில் இல்லை.

தாயுமான அடிகள் செய்தி இதனினும் நுட்பமானது. திருச்சிராப்பள்ளியைத் தலைநகராக் கொண்டு 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர்பால் அவர் அலுவல் புரிந்தார் என்பது வரலாறு. அம்மன்னரின் உருவச்சிலையைத் திருவரங்கக் கோயிலில் இன்றும் காணலாம். கணக்கும் ஓலையும் நிறைந்த அலுவலில் இருந்த ஒருவர்க்குச் சும்மாவிருக்குமாறு சொல்லப்பட்டது என்பதைக்கொண்டு, மிகுந்த வேலையால் இளைத்த மனத்துக்கு ஓய்வு விதித்தார் மௌனகுரு என்று பொருள்கொள்ளுதல் மருத்துவர் கூற்றாகலாம், குருவின் கூற்று ஆகாது. ஓய்ந்திருந்து விடைபெற விழைவோனுக்கு ஒரு வினா உண்டு. அவ்வினாவுக்குரிய 'யான்' உண்டு. பெற்றபின் 'யான் பெற்றேன்' என்னும் மகிழ்ச்சியும் உண்டு. இம்மூன்றும் கழல்வதே சும்மாவிருத்தல். அதன்கண் விடை முதிர்வதில்லை. வினாவியவன் தன்முனைப்பு நீங்குகின்றது.

மயக்கத்துக்கு இடந்தந்தது பெயரொற்றுமை. சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் இப்பெயர்களே கீழாலவத்தைக்கும் வழங்கும், நின்மலாவத்தைக்கும் வழங்கும். முன்னையதிற் கருவிகள் கழியக்கழிய ஆணவ இருள் மிகுந்து, அதீதத்தில் உயிர் ஒன்றும் அறியாது கிடக்கும். பின்னையதிற் கருவிகள் கழியக்கழிய அருளொளி மிகுந்து, அதீதத்தில் உயிர் சிவத்தோடு கூடித் தன்னை மறந்து நிற்கும். உறங்குவோனும் மௌனியும் புறத்தே காண்பார்க்கு ஒருபடித்தாகத் தோன்றுவர். இருவர்க்கும் இடைப்பட்ட வண்டிப் படியில் நிற்கும் கணிதப் பேராசிரியரோ இவ்விரு வழியிலும் சேராதவர். தாயுமான அடிகள் தம் மௌனகுருவைத் திருமூலர் மரபில் வந்தவராகப் பாடுகின்றார். அத்திருமூலர் திருமந்திரத்தின் எட்டாந் தந்திரத்தில் கீழாலவத்தைக்கு ஓர் அதிகாரமும், மத்திய சாக்கிராவத்தைக்கு வேறோர் அதிகாரமும், சுத்த நனவாதிக்குப் பிறிதோர் அதிகாரமும் வகுத்துள்ளனர். அடிமன ஆராய்ச்சியைத் தமிழ்நூல்களோடு ஒப்பிட விழைவார் அம்மூன்றனுள் இடையதிலிருந்து தொடங்குதல் வேண்டும். அவ்வதிகாரத்தை இந்நோக்கத்தோடு உரைகண்டார் இன்னும் அருகியே காணப்படுகின்றனர்.